பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் காற்று மாசா? கண்காணிப்பை எப்படித் தொடங்குவது

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் போகிறவர்களுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையின் வாடை ஐந்து நிமிஷத்தில் போய்விடும். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் பக்கம் படிக்கிற பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்கு 77.45 வந்தது. 70-ஐத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி' என்று கணக்கு.

புகார் கொடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "அளவெல்லாம் வரம்புக்குள்தான் இருக்கு." அந்தப் பதிலுக்கு மேல் பேச நம் கையில் என்ன இருக்க வேண்டும், அதை எப்படிச் சேர்ப்பது என்று எழுதுகிறேன். படித்தவர்கள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 2004-ல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களே கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து, வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் அதில் இருந்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது.

படி 1: வாடை நோட்டு

கருவி வாங்குவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாடை வந்ததும் ஒரு வரி எழுதுங்கள், இந்த மாதிரி:

"செவ்வாய், காலை 9.20. அழுகின முட்டை வாடை. பலம் 5-க்கு 4. காற்று மேற்கிலிருந்து. 9.45-க்கு நின்றது. ஐந்தாம் வகுப்பில் மூன்று பேருக்குக் கண் எரிச்சல், ஒருவருக்கு வாந்தி."

இந்த ஒரு வரியில் நேரம், வாடையின் வகை, பலம், காற்றின் திசை, எவ்வளவு நேரம் இருந்தது, உடம்புக்கு என்ன செய்தது எல்லாம் வந்துவிட்டன. 'கெட்ட வாடை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். அழுகின முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் என்கிற கந்தகச் சேர்மங்களின் வகை. நெயில் பாலிஷ் என்றால் ஏதோ கரைப்பான். எது என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம், மூக்குக்குத் தோன்றியதை எழுதினால் போதும்.

பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். வகுப்பும் எண்ணிக்கையும் மட்டும் இருக்கட்டும். இந்த நோட்டு நாளைக்குப் பல கைகளுக்குப் போகும்.

வாடை இல்லாத நாளிலும் தேதி போட்டு 'இல்லை' என்று எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 'இல்லை' என்ற வரிகள் இருந்தால்தான் 'இருக்கு' என்ற வரியை அதிகாரி நம்புவார்.

ஒரு எச்சரிக்கை: ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகவும் கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. கடுமையான வாடை திடீரென்று நின்று, தலைசுற்றலும் இருமலும் மட்டும் தொடர்ந்தால் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைக் காற்று வரும் திசைக்குக் குறுக்காக வெளியே கூட்டிப்போங்கள். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

படி 2: காற்றின் திசை

மொட்டை மாடியில் ஒரு கம்பியை நட்டு, லேசான ரிப்பனைக் கட்டுங்கள். போனில் இருக்கும் திசைகாட்டியைப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று குறியுங்கள். நம் கடற்கரையில் பகலில் கடல்காற்று ஏறும், இரவிலும் விடியற்காலையிலும் நிலக்காற்று. அதனால் காலையில் ஒரு ஊருக்கு அடிக்கும் வாடை மத்தியானத்துக்கு மேல் எதிர்ப்பக்கத்து ஊருக்குப் போகும். கொண்டல், கச்சான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதலாம், பக்கத்தில் திசையைச் சேர்த்துவிடுங்கள்.

வேறொரு தெருவிலும் யாராவது ஒருவர் இதே நோட்டை எழுதினால் பலன் இரண்டு மடங்கு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்தும் காற்று வந்த திசையில் வரைபடத்தில் கோடு இழுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும்.

படி 3: அரசு எண்களை வாசிப்பது

மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் தினமும் காற்றுத் தரக் குறியீடு வரும். 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை, 200-க்கு மேல் மோசம். நுண்தூசியான பிஎம் 2.5-க்கு இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், சல்ஃபர் டை ஆக்சைடுக்கு 80.

'சராசரி' என்கிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க சல்ஃபர் டை ஆக்சைடு 20, ப்ரேயர் நேரத்தில் 20 நிமிஷம் மட்டும் 1000 என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரி சுமார் 34 வரும். வரம்பு 80, ஆக எல்லாம் சரி! ஆனால் உலக சுகாதார நிறுவனம் இதே வாயுவுக்குப் பத்து நிமிஷ வரம்பாக 500 வைத்திருக்கிறது. 12 மாசுகளுக்கு வரம்பு வைக்கும் நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர அளவுகோலில் இந்த வாயுவுக்கு 24 மணி நேர வரம்பும் ஆண்டு வரம்பும் மட்டும்தான். அழுகின முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதிகாரி பொய் சொல்லாமலேயே 'வரம்புக்குள்' என்று சொல்ல முடிவது இதனால்தான். நிமிஷக் கணக்கில் எழுதிய உங்கள் நோட்டுக்கு மதிப்பு வருவதும் இதனால்தான்.

படி 4: கருவி வேண்டுமா?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சென்சார்கள் தூசியை மட்டுமே அளக்கும், அதுவும் லேசர் ஒளி சிதறுவதை வைத்து. வாயு வாடையை அது காட்டாது. நம் ஊர் ஈரக்காற்றில் தூசி நீரை உறிஞ்சிப் பருப்பதால் விடியற்காலையில் எண் கூடுதலாகக் காட்டும். சத்துணவுக் கூடத்துப் பக்கமோ ரோட்டோரமோ மாட்டாதீர்கள்.

வாயுவைப் பிடிக்க 2004-ல் பயன்பட்ட அதே வாளி முறைதான். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் தனி வகைப் பை ஒன்று இருக்கும். அதன் குழாய் மூடி வழியே வெளியே நீளும். சிறிய பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் பை விரிந்து வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். சில நிமிஷ வேலை. ஆய்வகச் செலவுதான் அதிகம், அதனால் நோட்டு ஒரு பருவம் ஓடிய பிறகு, அதிகமாக வாடை வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

படி 5: எங்கே கொடுப்பது

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர்தான், அந்தத் தீர்மானத்துக்குத் தனி எடை உண்டு. அதோடு நோட்டின் நகலையும் இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளி என்றால் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம். அசல் நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. உங்கள் நோட்டில் பலம் 4, 5 என்று எழுதிய தேதிகளைக் குறிப்பிட்டு, அந்த நாட்களில் வாரியம் அளந்த காற்றின் மணிவாரிப் பதிவைக் கேளுங்கள், சராசரியைக் கேட்காதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறோம் என்றால், அவர்களுக்குத் தோதான மத்தியான நேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். நோட்டில் எந்த நேரம் அதிகமாக வருகிறதோ, அந்த நேரத்தில் பள்ளி வளாகத்திலேயே வந்து அளக்கும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள். வந்தவர்கள் எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு, எங்கே நின்று அளந்தார்கள் என்பதையும் அன்றைய தேதியில் நோட்டில் ஏற்றுங்கள்.