தம்பிக்குத் தைத்த கூடாரம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை இருக்கிறது. சேலை ஜாக்கெட், பஞ்சாபி உடை, பள்ளிச் சீருடை, பாஜு குரோங், இதுதான் தினசரி வேலை. கூடாரம் தைக்க ஆரம்பித்தது தம்பிக்காக. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு லாசா பக்கம் பிளஸ் ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். கடையில் வாங்கிய கூடாரம் மூன்று கிலோவுக்கு மேல் கனம். மோட்டார் சைக்கிளைச் செம்பனைத் தோட்டத்துக்குள் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நடக்கிறவனுக்கு அது பெரிய சுமை. "அக்கா, ஒரு கிலோவுக்குள்ள உன்னால தைக்க முடியுமா?" என்று கேட்டான். நான்காவது கூடாரத்தில்தான் முடிந்தது. அந்த நான்காவதின் அளவுகளைத்தான் இங்கே தருகிறேன். முதல் மூன்றும் எங்கே பிசகின என்பதையும் இடையிடையே சொல்கிறேன், ஏனென்றால் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர். லயத்தில் கல்யாணம் என்றால் வாசலில் மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாயைப் போட்டு, நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டுவார்கள். மழை வந்ததும் தார்ப்பாய் நடுவில் தொப்பை போடும். தண்ணீர் சேரச் சேரத் தொப்பை பெருகும். இரண்டு பேர் துடைப்பக் கட்டையால் கீழிருந்து முட்டித் தள்ளுவார்கள், தண்ணீர் யார் தலையிலாவது கொட்டும். மூங்கில் உறுதியாகத்தான் நின்றது. துணியைத்தான் யாரும் எல்லாப் பக்கமும் சரியாக இழுத்துவைக்கவில்லை. கூடாரத்துக்கும் இதே கதைதான். கம்பு துணியை உயரத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். காற்றுக்கும் மழைக்கும் அதை நிற்கவைப்பது கயிற்றின் இழுப்பு. அந்த இழுப்பு துணியில் சுருக்கமில்லாமல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்படி வெட்டுவதில்தான் தையல்காரரின் வேலை இருக்கிறது.

முதலில் துணி. என் முதல் கூடாரத்தைச் சிலிக்கான் பூசிய நைலானில் தைத்தேன். சாயங்காலம் மத்தளம் மாதிரி விறைப்பாக நின்றது. ராத்திரி மழையில் தளர்ந்து, காலையில் தம்பியின் முகத்தில் வந்து ஒட்டியது. நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் நீளும். பாலியெஸ்டர் அப்படி நீளாது. நம் ஊர் மழைக்குச் சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர்தான் என் சிபாரிசு. சதுர மீட்டருக்கு 50 கிராம் கனத்தில், கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் ரகம் கிடைக்கிறது. அகலம் 150 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, ஆறு மீட்டர் வாங்குங்கள்.

அந்த அகலத்தை வைத்துத்தான் மொத்த அளவையும் போட்டேன். ஒரு ஆள் படுக்கும், இரண்டு கம்பு வைத்த கூரை வடிவக் கூடாரம் இது. உச்சி 115 சென்டிமீட்டர் உயரம். கீழ் ஓரம் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே நிற்கும். அடிப்பக்க அகலம் இரண்டு மீட்டர். அப்படியென்றால் ஒரு பக்கச் சரிவு 145 சென்டிமீட்டர் வருகிறது. மேலே ஒன்றரை, கீழே இரண்டரை சென்டிமீட்டர் மடிப்புக்குப் போனாலும் துணியின் அகலம் போதும். பக்கத்துக்கு ஒரே துண்டு, நடுவில் ஒட்டுத் தையல் கிடையாது. ஒட்டுத் தையல் குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். சரிவு ஏறக்குறைய 45 டிகிரி வருவதால் மழை தங்காமல் வழிந்துவிடும்.

நீளத்துக்கு வருவோம். மேல் ஓரம் 280, கீழ் ஓரம் 240. இரண்டு முனையிலும் உச்சி 20 சென்டிமீட்டர் தாழ்வாரம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சாரல் தலைமாட்டுக்கு வராமல் இருக்க அது உதவுகிறது. பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழை, உச்சியோடு நீளவாக்கில் ஓட வேண்டும். ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கிராஸ் கட்டிங்கில், இழைக்குச் சாய்வாக வெட்டும்போது, துணி எப்படி இழுபடும் என்று அவர்களுக்கே தெரியும். உடம்போடு படிய வேண்டிய ஜாக்கெட்டுக்கு அந்த இழுபடல் வரம். கூடாரத்தில் அதுவே தளர்ச்சியாகிவிடும். சாய்வாக வெட்டிய இரண்டு முனை ஓரங்களும் கொஞ்சம் கிராஸாக இருப்பதால், அங்கே மட்டும் மெல்லிய நாடா வைத்துத் தையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். மேல் ஓரத்தை நேராக வெட்டக் கூடாது. என் இரண்டாவது கூடாரத்தை ஸ்கேல் வைத்து நேராக வெட்டினேன். எவ்வளவு இழுத்தாலும் உச்சியின் நடுவில் தொய்வு, பக்கவாட்டில் சுருக்கம். இரண்டு முனையில் தூக்கிப் பிடித்த எதுவும் நடுவில் கொஞ்சம் தாழத்தான் செய்யும். அந்தத் தாழ்வை நாமே துணியில் வெட்டி வைத்துவிட்டால் சுருக்கத்துக்கு இடமில்லை.

வளைவை வரைய நான் கண்டுபிடித்த வழி இது. சுவரில் 280 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி அடியுங்கள். ஹார்ட்வேர் கடையில் மெல்லிய சங்கிலி மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அதை இரண்டு ஆணிக்கும் நடுவே தொங்கவிட்டு, நடுப்பகுதி ஆணி மட்டத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டர் தாழும்வரை இழுத்து மாட்டுங்கள். பின்னால் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, சங்கிலியோடு பென்சிலை ஓட்டினால் வளைவு கிடைத்துவிடும். என்னிடம் 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன, பேட்டர்ன் வெட்டுவதற்காகவே பத்திரப்படுத்தியவை. என் முதல் வளைவு அவற்றின் மேல்தான் விழுந்தது. தையல் மடிப்புக்கான ஒன்றரை சென்டிமீட்டரை வளைவுக்கு வெளியே சேர்த்து, இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே தடவையில் வெட்டுங்கள். சிலிக்கான் துணி வழுக்கும். குண்டூசி குத்தினால் ஓட்டை விழும், அதனால் துணி காயப்போடும் கிளிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வளைவு ஏன் வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கவைத்தது சோப்புத் தண்ணீர். ஜெர்மனியில் ஃப்ரை ஓட்டோ என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். 1972 மூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் கூடாரம் போன்ற கூரையில் அவருக்குப் பங்கு உண்டு. சோப்புப் படலத்தைப் பார்த்துப் பார்த்துக் கூரைகளின் வடிவத்தை ஆராய்ந்தவர். நானும் ஒரு கம்பியை வளையமாக்கி, எதிரெதிரே இரண்டு இடத்தை மேலாகவும் மற்ற இரண்டைக் கீழாகவும் வளைத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் முக்கி எடுத்தேன். படலம் குதிரைச் சேணம் மாதிரி நின்றது. ஒரு பக்கமாகப் பார்த்தால் குழிவு, குறுக்கே பார்த்தால் மேடு. எந்த இடத்திலும் சுருக்கமே இல்லை. ஒன்று கீழே இழுக்க, இன்னொன்று மேலே இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நம் கூடாரத்தின் உச்சியும் நீளவாக்கில் குழிவு, குறுக்கே மேடு. சமையலறைத் தொட்டியடியில் நின்று அதைப் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப்போனேன்.

நல்ல துணியில் கத்திரி வைப்பதற்கு முன், ஐந்தில் ஒரு பங்கு அளவில் பழைய படுக்கைவிரிப்பை வெட்டி ஒரு பொம்மைக் கூடாரம் செய்யுங்கள். கம்புக்கு 23 சென்டிமீட்டர் சாத்தே குச்சி, கயிற்றுக்குத் தையல் நூல், முளைக்குக் குண்டூசி. கார்ட்போர்டில் நட்டுப் பாருங்கள். எங்கே சுருக்கம் விழுகிறது, எந்த நூலை இழுத்தால் அது போகிறது என்று ஒரு மணி நேரத்தில் கைக்கே தெரிந்துவிடும்.

தைப்பதற்குப் பாலியெஸ்டர் நூல், 80/12 ஊசி, 3 மில்லிமீட்டர் தையல் நீளம். மிக நெருக்கமாகத் தைத்தால் துணி தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். உச்சித் தையல், ஜீன்ஸ் காலின் உள்பக்கத் தையலைப் போல ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரண்டு வரிசையாக வர வேண்டும்.

மூலைகளில் அவசரப்படாதீர்கள். என் மூன்றாவது கூடாரம் மூலையில்தான் கிழிந்தது. கயிற்றின் மொத்த இழுப்பும் அந்த விரல்நுனி அளவு இடத்தில் வந்து சேர்கிறது. அதே துணியில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு ஒட்டு வெட்டி, ஒன்றை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக வைத்து, பாவு நூல் கூடாரத்தின் பாவோடு ஒத்துப்போகும்படி தையுங்கள். அதன் மேல் பள்ளிப்பை வார் ரகத்து நாடாவை வளையமாக்கி, நெருக்கமான ஜிக்ஜாக் தையலில் நான்கைந்து முறை போய்வாருங்கள். நான்கு மூலைக்கு நான்கு வளையம், கீழ் ஓரத்தின் நடுவில் பக்கத்துக்கு ஒன்று. சரிவின் நடுவிலும் வெளிப்பக்கமாக ஒவ்வொன்று வையுங்கள். அதை வெளியே இழுத்துக் கட்டினால் உள்ளே தோளுக்கு இடம் கிடைக்கும், காற்றில் துணி படபடக்காது. உச்சியின் இரு முனைக்கும் தடித்த நாடாவை மடித்துத் தைத்து, அந்த நாடாவில் பித்தளை ஐலெட் (ஓட்டையைச் சுற்றிப் பதிக்கும் வளையம்) அடியுங்கள். வெறும் துணியில் ஐலெட் அடித்தால் பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

தையல் ஓட்டைகளை அடைக்க, ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் நிறமில்லாத சிலிக்கானை வைட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் கரைத்து, தேன் பதத்துக்கு வந்ததும் தூரிகையால் தையல்மேல் பூசுங்கள். வாசலில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். முதலில் வெட்டுத் துண்டில் பூசிப் பாருங்கள். ஒரு நாள் காயட்டும்.

கம்புக்கு 16 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், சுவர் கனம் ஒரு மில்லிமீட்டர். 115 சென்டிமீட்டர் கம்பு ஒன்று 150 கிராமுக்குள் வரும். இரண்டாக வெட்டி, உள்ளே நுழையும் சிறு குழாய்த் துண்டு வைத்து இணைத்தால் பையில் அடங்கும். மேல் நுனியில் ஐலெட்டுக்குள் போகிற அளவுக்கு ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பை உயரமாக்க ஆசைப்படாதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால், வளைந்துபோகாமல் தாங்கும் பாரம் கால் பங்காகக் குறைந்துவிடும். மெல்லிய கம்பு போதுமானதாக இருப்பதே அது குட்டையாக இருப்பதால்தான்.

உச்சியிலிருந்து வரும் கயிறு கம்பின் அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையைத் தொடட்டும். கிட்டத்தில் செங்குத்தாகக் கட்டினால் அது கம்பைக் கீழே அழுத்துமே தவிர, உச்சியை இழுக்காது. முடிச்சுக்கும் சேர்த்து ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் வெட்டுங்கள்.

முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நுனியை, மேலே போகும் கயிற்றின்மேல் வளையத்துக்கு உள்பக்கமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு அதற்கு மேலே, வளையத்துக்கு வெளியே ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுனியை விட்டு இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது. டைனீமா கயிறு வழுக்கும், அதில் இந்த முடிச்சு நிற்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னல் நைலான் கயிறே போதும்.

முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மழையில் ஊறிய தோட்டத்துச் செம்மண்ணில் முளை வழுக்கிக்கொண்டு வந்தால், கையளவு தடிமனான கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். அது அசையாது.

நிறுத்தும்போது முதலில் நான்கு மூலையையும் தளர்வாக அடியுங்கள். அப்புறம் முன்கம்பு, அதன் கயிறு. பின்கம்பு, அதன் கயிறு. கடைசியில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து இறுக்குங்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை. கொசுவலையைத் தனியாக உள்ளே உச்சியிலிருந்து தொங்கவிடுங்கள். கீழே விட்ட 10 சென்டிமீட்டர் இடைவெளியை அடைக்க வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் அது இல்லையென்றால் மூச்சே உள்பக்கம் தண்ணீராக வழியும்.

இடம் பார்ப்பதைத் தம்பியிடம் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் படுக்காதே. மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம், வந்துவிடும். டுரியான் காலத்தில் மரத்தடி வேண்டாம். இடி இடித்தால் கூடாரம் காப்பாற்றாது, கார் இருக்கும் யாரோடாவது போனால் அதற்குள் போய் உட்கார். உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

துணி, கம்பு, கயிறு, முளை எல்லாம் சேர்த்து என் தராசில் 910 கிராம் காட்டியது, கொசுவலை தனி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்ததும் கூடாரத்தை வாங்கி வாசல் கொடியில் விரித்துக் காயவைப்பேன். ஈரத்தோடு சுருட்டினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். காய்கிற நேரத்தில் எட்டு வளையத்தையும் விரலால் இழுத்துப் பார்த்து, நூல் தளர்ந்திருந்தால் அன்றைக்கே மெஷினில் போட்டுவிடுவேன்.