சராசரிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள்

கள ஆய்வு விவரங்களைத் தொகுக்கப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களின் தாள்களைச் சில வாரங்களாகத் திருத்தி வருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே அவற்றில் வரிசையாகத் தென்படுகின்றன. கூட்டல் பிழையும் இடம் மாறிய தசமப் புள்ளியும் சரிபார்க்கும்போது அகப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சராசரிகளின் சராசரி

ஒரு சிற்றூரில், கோடையில் குடிநீர் வாங்குவதற்குக் குடும்பங்கள் மாதந்தோறும் எவ்வளவு செலவிடுகின்றன என்று கணக்கெடுத்தோம். ஒரு பகுதியில் 40 வீடுகள், சராசரிச் செலவு 900 ரூபாய். மற்றதில் 360 வீடுகள், சராசரி 300 ரூபாய். நான் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஊரின் சராசரி 600 ரூபாய் என்று எழுதினேன். அதை 400 வீடுகளால் பெருக்கியபோது கிடைத்த 2,40,000 ரூபாய் நிதி கோரும் விண்ணப்பத்தில் ஏறியது. உண்மையான மொத்தச் செலவு 36,000, 1,08,000 ஆகிய இரண்டும் சேர்ந்த 1,44,000 ரூபாய்தான். சராசரி 360 ரூபாய். மூலத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்த அதிகாரி, இந்த ஓர் எண்ணுக்காக ஆய்வு முழுவதையும் நம்பத்தகாதது என்று திருப்பி அனுப்பினார். மூன்று மாதம் வெயிலில் வீடு வீடாக நடந்தவர்களின் உழைப்பு அத்துடன் வீணாயிற்று. அந்த ஊர் மக்கள் அடுத்த கோடையிலும் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். அதனால்தான் இந்தப் பிழையை இன்றும் ஒரு தாளில் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு சராசரியையும் அதற்குரிய எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதுவே நிறையிட்ட சராசரி. ஆகவே, எண்ணிக்கை குறிக்கப்படாத சராசரியை என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடைநிலை அளவுக்கு, அதாவது விவரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புக்கு, இப்படித் தொகுக்கவும் வழியில்லை: இரு பகுதிகளின் இடைநிலை அளவுகளும் எண்ணிக்கைகளும் கையில் இருந்தாலும், ஊரின் இடைநிலை அளவு வேண்டுமானால் மூல விவரங்களையே மீண்டும் வரிசைப்படுத்த வேண்டும்.

சரியாகத் தொகுத்த எண்ணும் உள்ளே இருப்பதை மறைக்கக்கூடும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆறு பெரிய துறைகளில் நான்கில் பெண்களின் விழுக்காடே கூடுதலாக இருந்தது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்ததே காரணம். எனவே மொத்தத்தைத் தரும்போது பிரிவுவாரி எண்ணிக்கையையும் அருகிலேயே தர வேண்டும்.

குறியீட்டு எண்களுக்குச் சராசரி

கிணறு 1, கைப்பம்பு 2, குழாய் 3 என்று குறித்துவிட்டு, குடிநீர் ஆதாரத்தின் சராசரி 2.3 என்று எழுதக் கூடாது. அங்கே பொருந்துவது முகடு, அதாவது மிகுதியான முறை வரும் மதிப்பு.

விடுபட்ட விவரம்

பதில் இல்லாத இடத்தில் இட்ட 999 என்ற எண்ணை, கணக்கிடும் முன் நீக்குங்கள்.

திட்ட விலக்கத்தின் வகுஎண்

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டுவது திட்ட விலக்கம். முழுத்தொகுதி, அதாவது ஆய்வுக்குரிய அனைவரின் விவரமும், கையில் இருந்தால், ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறோம். அதிலிருந்து எடுத்த ஒரு பகுதியான கூறு மட்டும் இருந்து முழுத்தொகுதியை மதிப்பிடும்போது, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், நம்பை (NumPy) என்ற நிரல் தொகுப்பு முதல் முறையையும் பாண்டாஸ் (pandas) என்ற தொகுப்பு இரண்டாவது முறையையும் பின்பற்றுகின்றன. 2, 4, 6 ஆகிய மூன்று எண்களுக்கு முன்னது ஏறத்தாழ 1.63 என்றும் பின்னது 2 என்றும் விடை தரும்.