அம்மாவை இழுத்துத் திட்டுகிறானா? முதலில் போனைக் கவிழ்த்து வையுங்கள்

"படம் சுமார்தான், இரண்டாம் பாதி இழுவை" என்று எக்ஸில் (பழைய ட்விட்டர்) ஒரு வரி போட்டிருப்பீர்கள். கால் மணி நேரத்தில் நாற்பது நோட்டிஃபிகேஷன். டிபியில் நடிகர் படம், ஐடி பெயருக்குப் பின்னால் எட்டு எண்கள், திட்டில் உங்கள் அம்மா.

விஜய், அஜித் ரசிகர் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2019 ஜூலையில், நன்றாக இருக்கிற விஜய்க்கு இரங்கல் ஹேஷ்டேக் போட்டு டிரெண்டாக்கியதும் நம் ஆட்கள்தான். அஜித் 2011-லேயே தன் மன்றங்களைக் கலைத்தார், சண்டை கலையவில்லை. நடிகர் சொல்லி அடங்குவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

படி 1: பதிலை நோட்ஸில் எழுதுங்கள்

ரிப்ளை பெட்டியில் வேண்டாம். மனசுக்குள் இருப்பதையெல்லாம் நோட்ஸில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருவன் திட்டினான், நான் பதிலுக்கு அவன் வீட்டுப் பெண்களை இழுத்தேன். சிறிது நேரத்தில் அவன் தன் பதிவை அழித்துவிட்டான். என்னுடையது ஸ்கிரீன்ஷாட்டாகி, அவன் சொன்னது இல்லாமல் தனியாகச் சுற்றியது. அவன் அம்மாவுக்கு எந்த நடிகரைப் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

படி 2: ஆதாரம்

பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐடி, தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். பதிவின் லிங்கையும் காப்பி செய்து வையுங்கள். ஐடி பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லிங்கின் கடைசியில் வரும் நீண்ட எண் மாறாது.

படி 3: ஒரே ஒரு பதில், அதுவும் தேவைப்பட்டால்

திட்டுக்குப் பதில் சொல்லாதீர்கள். அதற்குள் கேள்வி ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் சொல்லுங்கள். நோட்ஸில் இப்படி இருக்கும்: "போடா கூமுட்டை, உனக்கெல்லாம் சினிமா பத்தி என்னடா தெரியும்?" அதைத் தேய்த்தால் இவ்வளவுதான் மிஞ்சும்: "இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கலை, உங்களுக்குப் பிடிச்சிருந்தா சந்தோஷம். வீட்டுல இருக்கறவங்களை இழுக்காதீங்க." இதைப் படிக்கப்போவது திட்டியவர் அல்ல, ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்.

அவர் பதிவை மேற்கோளாக (கோட்) எடுத்து "இவனைப் பாருங்க" என்று போடாதீர்கள். அது பதில் இல்லை, ஆள் அனுப்புவது.

படி 4: மியூட், பிளாக், ரிப்போர்ட்

மியூட் செய்தால் அவருக்குத் தெரியாது. கத்திக்கொண்டே இருப்பார், உங்களுக்குக் கேட்காது. பெரும்பாலும் எனக்கு இதுவே போதும். வசைச் சொற்களையே மியூட் செய்யவும் செட்டிங்ஸில் வழி உண்டு: 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் அல்லது நிரந்தரம். ஒன்று கவனிக்க: 2024 நவம்பர் முதல், பிளாக் செய்யப்பட்டவரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம், பதில் போடத்தான் முடியாது. முழுக்க மறைய வேண்டுமென்றால் கணக்கைப் பூட்டுங்கள்.

படி 5: மிரட்டல் என்றால் வேறு கதை

வீட்டு முகவரியைப் போடுவது, கொலை மிரட்டல், மார்ஃப் செய்த படம், பெண்களை விடாமல் பின்தொடர்வது: இவற்றைச் சகித்துக்கொண்டு நல்லவராக இருக்க அவசியமே இல்லை. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். 1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பணமோசடிக்கானது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதையே குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது; அதனால் புகாரில் "திட்டினான்" என்று நிறுத்தாமல், மிரட்டிய வரியை அப்படியே எழுதுங்கள்.

படி 6: நம்ம பசங்க

இதுதான் கஷ்டம். நமக்கு ஆதரவாக வந்து, எதிராளியின் தங்கையைத் திட்டுகிற நம் ஃபாலோயர். ஹார்ட்டின் போடக் கை துடிக்கும். போடாதீர்கள். டிஎம்மில் "ப்ரோ, எனக்காகன்னா அதை அழிச்சிடுங்க" என்று கேளுங்கள். போன மாதம் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் அழித்தார். இரண்டு பேர் என்னை அன்ஃபாலோ செய்தார்கள்.