விண்டோஸ் 10-க்கு மாறியதும் டிவிடி டிரைவ் மறைந்துவிட்டதா?

புது டிரைவ் வாங்கக் கிளம்பாதீர்கள். நேற்றுவரை ஓடிய டிரைவ், விண்டோஸை மாற்றிய அன்றே செத்துப்போவது அபூர்வம்.

கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து, அங்குள்ள பட்டியலில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. தெரிந்தால் கருவி நலம், கோளாறு விண்டோஸுக்குள்தான்.

அடுத்தது, கணினியிலுள்ள கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர். டிரைவின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணம் இல்லையென்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு D, E போல ஓர் எழுத்தை ஒதுக்கினால் போதும். முக்கோணம் இருந்தால் 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். இதற்கான டிரைவர் மென்பொருள் விண்டோஸுடனேயே வருகிறது. அதை இணையத்தில் தேடி இறக்குவது வீண்வேலை. கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வந்து சேருவார்கள்.

அப்படியும் சரியாகாமல் டிவைஸ் மேனேஜரில் 19, 31, 32, 39, 41 ஆகியவற்றில் ஒரு பிழை எண் தெரிந்தால், நான் சந்தேகப்படுவது பழைய சிடி எழுதும் மென்பொருளையோ இல்லாத டிரைவை இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் டிரைவ் மென்பொருளையோதான். இவை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையில் 'ஃபில்டர்' என்ற இடைத்தரகரை நிறுத்திவைக்கும். மேம்படுத்தலில் தரகர் காணாமல் போவார், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அவர் பெயர் மட்டும் தங்கிவிடும். அவர் வராமல் டிரைவைத் திறக்க விண்டோஸ் மறுக்கும்.

ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே 4டி36ஈ965 (4D36E965) என்று தொடங்கும் கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணை இருமுறை சரிபாருங்கள்: இந்தத் தொடக்கப் பகுதி 967 என்று முடிவது ஹார்ட் டிஸ்குக்கு உரியது, அதில் கைவைத்தால் விண்டோஸே ஏறாமல் போகலாம். வலப்பக்கம் 'கிளாஸ்' என்பதற்கு எதிரே சிடிராம் என்று இருக்க வேண்டும். முதலில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் நீக்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதை நீக்கினால் போதும். பெயரின் இறுதியில் 'பேக்' என்று ஒட்டியிருப்பவை வெறும் நகல்கள், அப்படியே கிடக்கட்டும். மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் டிரைவ் திரும்பிவிடும். சிடி எழுதும் மென்பொருள் முரண்டு பிடித்தால், விண்டோஸ் 10-க்கு ஏற்ற பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

டிரைவ் வந்த பிறகும் திரைப்பட டிவிடி ஓடவில்லை என்றால் அது வேறு சங்கதி. முன்பு டிவிடி ஓட்டிய மீடியா சென்டரை விண்டோஸ் 10-இல் நீக்கிவிட்டார்கள். வீடியோ ஓட்டும் மென்பொருளான விஎல்சியை நிறுவுங்கள், ஓடும்.