ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கு எடுப்பது எப்படி? முதலில் பெயரைச் சரிபாருங்கள்

பதவி உயர்வு, நெறியாளர் தேர்வு, நாக் (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) ஆய்வு என்று சேலத்துக் கல்லூரிகளில் எதற்கெடுத்தாலும் கேட்கும் கணக்கு இது: எத்தனை கட்டுரை, யாரோடு சேர்ந்து எழுதியது, எவ்வளவு சைட்டேஷன், அதாவது மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள். எண்ணை எடுக்க ஐந்து நிமிடம் போதும். அது சரியான ஆளுடைய எண்தானா என்று பார்க்கத்தான் நேரம் பிடிக்கும்.

படி 1: பெயர்ப் பட்டியல்

இதைத் தாண்டி ஓடாதீர்கள். எஸ். முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். இதழின் படிவம் 'லாஸ்ட் நேம்' கேட்கிறது. அப்பா பெயரைப் போடுகிறார். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் அவரை 'சுப்பிரமணியன் எம்.' ஆக்கிவிடுகிறது. அடுத்த இதழில் 'முருகன் எஸ்.' என்று போகிறார். ஆள் ஒருவர், புரொஃபைல் இரண்டு. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண் ஆய்வாளர்களுக்கு மூன்றாவதும் சேரும்.

அதனால் ஒரு எக்செல் தாளில் இதுவரை அச்சான எல்லாப் பெயர் வடிவங்களையும், பக்கத்திலேயே வேலை பார்த்த நிறுவனங்களையும் எழுதுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் தஞ்சாவூர் பெரியார் மணியம்மையும் வேறு வேறு. பெயரை வைத்து மட்டும் தேடினால் கலந்துவிடும். அமெரிக்காவில் ஆரிகனிலும் மாசசூசெட்ஸிலும்கூட சேலம் உண்டு. முகவரியில் உங்கள் நிறுவனத்தின் பின்கோடும் (சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்றால் 636011) 'தமிழ்நாடு, இந்தியா'வும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஆர்கிட் எண்

ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் அடையாள எண் இது. இலவசம், 16 இலக்கம். எடுத்ததும் பழைய பெயர் வடிவங்களை எல்லாம் 'ஆல்ஸோ நோன் ஆஸ்' பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

படி 3: கூகுள் ஸ்காலர்

புரொஃபைல் தொடங்கியவுடன் 'கான்ஃபிகர் ஆர்ட்டிகிள் அப்டேட்ஸ்' போய், தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, மெயிலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் இன்னொரு முருகனின் கட்டுரைகள் வந்து குவியும்.

அடுத்து இரட்டைப் பதிவுகள். இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள். இங்கேதான் பலர் பயந்து நிறுத்துகிறார்கள், ஏனென்றால் எச்-இண்டெக்ஸ் இறங்கவும் வாய்ப்புண்டு. எச்-இண்டெக்ஸ் 5 என்றால், குறைந்தது 5 கட்டுரைகளுக்குத் தலா 5 சைட்டேஷனாவது உண்டு என்று பொருள். உதாரணம்: சைட்டேஷன்கள் 25, 14, 9, 6, 5, 3. ஐந்து பதிவுகளுக்குக் குறைந்தது 5 சைட்டேஷன் இருக்கிறது; எச்-இண்டெக்ஸ் 5. இதில் 6-ம் 5-ம் ஒரே கட்டுரையின் இரண்டு பதிவுகள் என்றால், சேர்த்தபின் வரிசை 25, 14, 11, 9, 3. எச்-இண்டெக்ஸ் 4 ஆகிறது. ஐ10, அதாவது குறைந்தது 10 சைட்டேஷன் உள்ள கட்டுரைகளின் எண்ணிக்கை, இரண்டிலிருந்து மூன்றாகிறது. இறங்கினாலும் சேருங்கள். நேர்காணலில் யாராவது பட்டியலைத் திறந்து பார்த்தால் இரட்டைப் பதிவு பளிச்சென்று தெரியும்.

படி 4: ஸ்கோபஸ்

சந்தா இல்லாமலும் ஆசிரியர் தேடல் வேலை செய்யும். ஒரே ஆளின் புரொஃபைல்களைத் தேர்ந்தெடுத்து இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டியதை நீக்கிப் பார்க்கும் வசதி சந்தா உள்ள நூலகங்களில் கிடைக்கும். ஸ்காலரில் அது இல்லை. சந்தாவே இல்லையென்றால் 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளம் போதும். இலவசம். ஆனால் அங்கும் பெயர்க் குழப்பம் உண்டு, படி 1 பட்டியலை வைத்துக்கொண்டே திறங்கள்.

படி 5: கூட்டு எழுத்து வரைபடம்

யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று வரைபடமாகக் காட்டும் மென்பொருள்களில் லெய்டன் பல்கலைக்கழகத்தின் வோஸ்வியூவர்தான் என் தேர்வு. கிரியேட், பிப்ளியோகிராஃபிக் டேட்டா, கோ-ஆதர்ஷிப் என்று போங்கள். ஒருவருக்குக் குறைந்தபட்சம் எத்தனை கட்டுரை என்று கேட்கும் இடத்தில் எண்ணை 1 அல்லது 2 ஆக்குங்கள். பெரிய எண்ணை அப்படியே விட்டுவைத்தால் ஒரு தனி ஆளின் வரைபடத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். முருகன் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தால் பெயர் வடிவங்களை ஒன்றாக்கும் 'தெசாரஸ்' கோப்பு கொடுக்க வேண்டும்: டேப் பிரித்த இரண்டு நெடுவரிசை, தலைப்புகள் ஆங்கிலத்தில் 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை'. பெயரைத் தட்டச்சு செய்யாமல் வரைபடத்தில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். பெயரில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் சேராது.

படி 6: துறைக்குத் துறை ஒப்பிடாதீர்கள்

ஏற்காட்டுத் தாவரங்களை வகைப்படுத்தும் கட்டுரையும், அதே இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்த கட்டுரையும் ஒரே மலையிலிருந்து வந்தவைதான். இரண்டாவதற்குச் சைட்டேஷன் சரசரவென ஏறும். முதலாவதை எத்தனையோ பேர் செடியை அடையாளம் காணப் பயன்படுத்திவிட்டு மேற்கோள் பட்டியலில் போடாமலே விடுவார்கள். எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்மொழிந்த இயற்பியலாளர் ஹிர்ஷே துறைக்குத் துறை அது மாறும் என்று எழுதியிருக்கிறார். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் துறை சராசரியால் வகுங்கள். சராசரி 4 உள்ள துறையில் 12 வாங்கியது 3 மடங்கு. சராசரி 40 உள்ள துறையில் 30 வாங்கியது 0.75. ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளைத்தான் ஒப்பிட வேண்டும். பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் 'ரிவ்யூ' கட்டுரையை ஆய்வுக் கட்டுரையோடு சேர்க்கக் கூடாது.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு. ஆர்கிட் பக்கம் காலியாகத் தெரிந்தால், ஒவ்வொரு கட்டுரைக்கும் எல்லோரும் பார்க்கலாம் என்ற 'எவ்ரிஒன்' தெரிவு இருக்கிறதா பாருங்கள். சேர்வராயன் மலை பற்றிய கட்டுரைகள் தேடலில் விடுபட்டால், ஆங்கிலத்தில் ஷெவராய், ஷெர்வராய், சேர்வராயன், ஏற்காடு என நான்கு பெயர்களையும் இடையில் 'ஆர்' (OR) போட்டு ஒன்றாகத் தேடுங்கள்.