அரபு படிக்க வெளிநாடு செல்பவர்கள் முதல் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெய்ரோ விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் மாணவரின் காதில் முதலில் விழும் வாழ்த்து பெரும்பாலும் "ஹம்தில்லா அஸ்ஸலாமா" என்பதாகவே இருக்கும். நலமாக வந்து சேர்ந்ததற்கு இறைவனுக்கு நன்றி என்பது அதன் பொருள். இதற்கு "ஷுக்ரன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வாழ்த்தியவர் எதிர்பார்ப்பது "அல்லாஹ் யிஸல்லிமக்" என்ற மறுமொழியை. வாழ்த்தியவர் பெண்ணாக இருந்தால் "யிஸல்லிமிக்" என்று சொல்ல வேண்டும். முடி திருத்திக்கொண்டு எழுந்தவரிடம் "நஈமன்" என்பார்கள், அதற்கும் தனி மறுமொழி உண்டு. அரபு அன்றாடப் பேச்சு இப்படி இணை இணையாகக் கோக்கப்பட்ட வாழ்த்துகளால் ஆனது. இலக்கண நூல்களை வரி விடாமல் படித்தவர்கள்கூட இவற்றைக் கற்காமல் வந்து இறங்குகிறார்கள். வாழ்த்தாமல் நேரே கேள்வியைத் தொடங்குவதும் அங்கே முரட்டுத்தனமாகக் கருதப்படும்.

முதல் வாரத்துத் தவறுகளில் மிகப் பெரியது என்று நான் கருதுவது, தெருவில் பேசப்படும் அரபைப் பிழையான அரபு என்று ஒதுக்கிவிடுவது. நானும் அதைச் செய்தேன். முதல் நாள் டாக்ஸியில் ஏறி, "உரீது அன் அத்ஹப இலல் மஹத்தா" என்று ஒவ்வொரு உயிர்க்குறியையும் திருத்தமாக ஒலித்து, நிலையத்திற்குப் போக வேண்டும் என்றேன். ஓட்டுநருக்கு முழுதும் புரிந்தது. அவர் திருப்பிக் கேட்ட "ஆயிஸ் தின்ஸில் ஃபேன்?" என்ற மூன்று சொற்களில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே இறங்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். நான் படித்த "துரீது" அங்கே "ஆயிஸ்" ஆகியிருந்தது. "ஐன" என்பது "ஃபேன்" ஆகியிருந்தது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவை அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. ஃபுஸ்ஹா எனப்படும் செவ்வரபு நூலுக்கும் நாளிதழுக்கும் செய்தி வாசிப்புக்கும் வகுப்புரைக்கும் உரியது. அது யாருடைய வீட்டுமொழியும் அல்ல. வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் வழங்குவது ஆம்மிய்யா எனப்படும் பேச்சு வழக்கு.

அந்த வழக்கும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. "இப்போது" என்பதற்குச் செவ்வரபில் "அல்ஆன்" என்றால், எகிப்தில் "தில்வஅத்தி", சிரியா, ஜோர்டான் பகுதிகளில் "ஹல்லஅ", மொராக்கோவில் "தாபா". இணையக் காணொளிகளில் பார்த்ததையெல்லாம் கலந்து பேசும் மாணவருக்கு எந்த ஊரிலும் காது பழகாது. தங்கியிருக்கும் ஊரின் வழக்கு ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வதே நல்லது. பேச்சு வழக்கு எளிதாக வருகிறது என்று செவ்வரபைக் கைவிடுவதும் அதே அளவு தவறுதான். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரருடன் தாராளமாகப் பேசத் தெரிந்தும், நாளிதழின் ஒரு பத்தியைப் படிக்க முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அச்செழுத்தை மட்டும் நம்பி வருவது அடுத்த தவறு. நாளிதழிலும் கடைப் பலகையிலும் குறில் உயிர்களைக் காட்டும் குறிகள் இருக்காது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துக்குப் பெரும்பாலும் ருக்ஆ என்ற வேறொரு பாணி வழங்குகிறது என்பதைப் பலர் கரும்பலகைக்கு முன் அமர்ந்த பிறகே அறிகிறார்கள். அதில் இரண்டு புள்ளிகள் ஒரு சிறு கோடாகிவிடும், மூன்று புள்ளிகள் கூரை போன்ற ஒரு குறியாகச் சுருங்கும், ஸீன் எழுத்தின் பற்கள் மறைந்து நீண்ட கோடு மட்டும் நிற்கும். எகிப்தில் இன்னொன்றும் உண்டு: சொல்லின் இறுதியில் வரும் யா எழுத்துக்குக் கீழே புள்ளி இடாமல் எழுதுவார்கள். அதனால் அலீ என்ற பெயரும், "மேல்" என்று பொருள்படும் "அலா" என்ற சொல்லும் எழுத்தில் ஒன்றாகவே தெரியும். ஆசிரியர் எழுதியதை முதல் வாரத்தில் அவர் எழுதியபடியே கையால் பார்த்து எழுதிப் பழகியவர்கள் இந்தத் தடையை விரைவில் கடந்துவிடுகிறார்கள்.

குறிப்பேட்டில் அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும். காஃப் எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லுக்கு நாய் என்று பொருள். தொண்டை அடியில் பிறக்கும் கஃப் எழுத்தில் தொடங்கும் மற்றொன்றுக்கு இதயம் என்று பொருள். தமிழில் இரண்டையும் "கல்ப்" என்றுதான் எழுத முடியும். ஒலி வேறுபாட்டைக் கண் காணாவிட்டால் நாவும் அதை மறந்துவிடுகிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழைக் கையாண்ட நம் முன்னோர், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். ஒரு மொழியின் ஒலி மற்றொன்றின் எழுத்தில் அப்படியே அடங்காது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில் எண்கள் ஏமாற்றும். அரபில் ஒன்றாம் இலக்கம் முன்னே வரும்; "கம்ஸா வ இஷ்ரீன்" என்றால் ஐந்தும் இருபதும், அதாவது 25. காதில் முதலில் விழும் ஐந்தைப் பிடித்துக்கொண்டு 50-க்கு மேல் எடுத்து நீட்டுபவர்கள் உண்டு. எழுதிய எண்களிலும் கவனம் தேவை: எகிப்திலும் ஜோர்டானிலும் வழங்கும் இலக்கங்களில் சிறு வட்டம் 5, புள்ளி 0, நாம் அறிந்த 7 போலத் தெரிவது 6. மொராக்கோவில் நமக்குப் பழக்கமான இலக்கங்களே வழங்குகின்றன. எகிப்தில் கட்டணம் கேட்டால் ஓட்டுநர் சில நேரம் "கல்லீ" என்பார், இருக்கட்டும் என்று பொருள். அது வெறும் உபசார வார்த்தை. அதை நம்பிப் பணம் கொடுக்காமல் இறங்கிவிடக் கூடாது.

எகிப்திலும் ஜோர்டானிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், வியாழன் மாலை வந்து இறங்குபவருக்கு ஞாயிறு வரை அலுவலக வேலை எதுவும் நடக்காது. பெயரை அரபில் எழுதித் தரும்போது முதல் படிவத்தில் எழுதிய எழுத்துகளையே எல்லாப் படிவங்களிலும் எழுத வேண்டும். ஒரு நெடில் மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். இராணுவ, அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்கவே கூடாது.

நிலை அறியும் தேர்வில் மேல் வகுப்பு கேட்டு வாதாடாதீர்கள். இலக்கணம் நிறைய அறிந்தவர் பேச்சில் தொடக்க நிலையில் இருப்பது மிக இயல்பானது.

அறை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் இரவுகளின் தனிமை கடுமையானது. சொந்த மொழி பேசுபவர்களோடு சேர்ந்து தங்கினால் மனம் ஆறும் என்பது உண்மை. ஆனால் அப்படித் தங்குபவர்களுக்கு வகுப்பு முடிந்ததும் அரபும் முடிந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் அப்படித் தங்க நேர்ந்தால், கட்டடத்தின் வாசலில் இருக்கும் பவ்வாப் என்ற காவலரிடம் தினமும் பத்து நிமிடம் நின்று பேசுங்கள். நான் இருந்த கட்டடத்துக் காவலர் மேல் எகிப்து எனப்படும் தென்பகுதிக்காரர். கெய்ரோவாசிகள் ஒலிக்காமல் விழுங்கிவிடும் கஃப் எழுத்தை அவர் "தங்கம்" என்ற சொல்லில் வரும் ககரம் போல ஒலித்தார். அந்த வேறுபாட்டை நான் முதலில் கேட்டது வகுப்பில் அல்ல, அவர் தேநீர் ஊற்றித் தந்த அந்தப் படிக்கட்டில்தான்.