பெரிய மஸ்கி லூரை ஆழத்துக்கு இறக்குவது எப்படி?

மஸ்கி என்பது வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரிய வேட்டை மீன்; லூர் என்பது அதைப் பிடிக்கப் பயன்படும் செயற்கை இரை. கோடையில் நீர்க்களைக்கு மேலே ஓட்டி மஸ்கி பிடித்த அதே 9 அங்குல மர ஜெர்க்பைட் (வெட்டி வெட்டி இழுக்கும் லூர்), அக்டோபரில் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் பெரும்பாலும் நம்மை வெறுங்கையோடுதான் அனுப்பும். களை மடிந்ததும் மீன் பாறைத் திட்டின் ஓரமாகக் கீழே இறங்கிவிடுகிறது. லூரோ, இழுப்பை நிறுத்தினால் தக்கை மாதிரி மேலே ஓடிவருகிறது. மஸ்கி கவ்வுவது பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான். அதனால்தான் ஈயம் ஏற்றுகிறோம்.

எடுத்ததும் டிரில்லில் கை வைக்காதீர்கள். நான் அப்படித்தான் ஒரு நல்ல லூரைக் கெடுத்தேன். வால் பக்கம் துளை போட்டு ஈயத்தை அடைத்தேன். இழுத்தால் நனைந்த துண்டு மாதிரி வந்தது, துள்ளலே இல்லை. எவ்வளவு ஈயம் என்பதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, ஐஸ் கட்டிகளைப் போட்டு நன்றாகக் குளிரவையுங்கள். குளிர்ந்த நீருக்கு அடர்த்தி கூடுதல். அறை வெப்பத் தண்ணீர்த் தொட்டியில் அசையாமல் நின்ற லூர், குளிர்ந்த ஏரியில் மெல்ல மேலேறும். 120 கிராம் லூருக்கு இந்த வித்தியாசம் அரை கிராம்கூட வராது. ஆனாலும் லூர் அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் அதுவும் கணக்குதான்.

முள், வளையம், லீடர் (லூருக்கும் நூலுக்கும் நடுவே வரும், மீன் கடித்தாலும் அறாத கம்பி) எல்லாவற்றையும் மாட்டி லூரைத் தண்ணீரில் விடுங்கள். அப்புறம் முன்முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். மூக்கு ரொம்பத் தாழ்ந்தால் கொஞ்சம் கம்பியை நடுமுள்ளுக்கு மாற்றுங்கள். வாலுக்கு மட்டும் வேண்டாம். மூக்கு லேசாகத் தாழ்ந்து, அமுக்கி விட்டால் சோம்பலாக மேலே வரும் நிலைதான் எனக்குப் பிடித்தது. பாறையில் மாட்டினாலும், நூலைத் தளர்த்தினால் தானே பின்வாங்கிக் கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு. முழுக்க மூழ்கும் லூரில் அந்த வசதி கிடையாது.

அடுத்து படகோரமாக ஏரியிலேயே இழுத்துப் பாருங்கள். ஆட்டம் சரியாக இருந்தால் கம்பியின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி அப்படியே விட்டுவிடலாம். புதியவருக்கு இதுவே போதும்.

நிரந்தரமாகத்தான் வேண்டுமா? சரி, கம்பியைக் கழற்றி எடை பாருங்கள். வெளியே தொங்கும் ஈயம் தன் பருமனுக்கு நீரை விலக்குவதால், தண்ணீருக்குள் அதன் எடை சுமார் 9 சதவீதம் குறையும். உள்ளே வைத்தால் அந்த இழப்பு இல்லை, ஆனால் துளையில் கொஞ்சம் மரம் போய்விடும். கூட்டிக் கழித்தால் வெளியே 30 கிராம் என்பது உள்ளே ஏறக்குறைய 29. முன்முள்ளை ஒட்டி, வயிற்றுப் பக்கமாக, முள்ளைத் தாங்கும் திருகாணியில் படாமல் துளையிட்டு, ஈயத்தை இறக்கி, மேலே 3 மில்லிமீட்டர் இடம் விட்டு எபாக்ஸிப் பசையால் மூடுங்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் மரம் நீர் குடித்து உப்பி, பெயின்ட் வெடிக்கும்.

ஈயத்தைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம். மிச்சத் துண்டுகளை ஏரியில் வீசவே வேண்டாம். ஈயத்தை விழுங்கிய லூன் பறவைகள் விஷமேறிச் சாகின்றன. மினசோட்டாவின் மாநிலப் பறவையே அதுதான்.

இனி ராடை, அதாவது தூண்டில் கழியைப் பாருங்கள். அதில் 4 அவுன்ஸ் வரை என்று எழுதியிருந்து, லூர் இப்போது 5 அவுன்ஸ் ஆகியிருந்தால், முழு வீச்சில் வீச வேண்டாம்.